லாரி வரலேன்னா வேலை நிக்கணுமா?

2025-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந்தேதி தமிழ்நாட்டில் கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கனிம நிலத்துக்குப் புது வரி வந்தது. கன மீட்டர் கணக்கில் இருந்த சீனியரேஜ் கட்டணம் டன் கணக்குக்கு மாறியது. கட்டுப்படி ஆகவில்லை என்று சொல்லி மூடிவிட்டார்கள்.

ஜல்லி இல்லை. எம்சாண்ட் இல்லை. பூச்சு வேலைக்குப் பி-சாண்ட் இல்லை.

பேச்சுவார்த்தை நடந்தது. சாதாரணக் கல்லுக்குச் சீனியரேஜ் டன்னுக்கு 33 ரூபாய் என்று அரசு இறங்கி வந்தது. ஏப்ரல் கடைசியில் கிரஷர் மறுபடி சுற்றியது. செய்தியும் அத்தோடு முடிந்தது.

ஆனால், அந்த நாட்களில் கொத்தனாரும் சித்தாளும் எதைச் சாப்பிட்டார்கள்? மேஸ்திரி சனிக்கிழமை சம்பளத்தை எங்கிருந்து கொடுத்தார்? பாதியில் நின்ற வீட்டுக்காரர் வாடகை வீட்டுக்கு எத்தனை மாதம் கூடுதலாகக் கட்டினார்? இதை யாரும் கேட்கவில்லை. நாம் கேட்கிறோம்.

வெம்பாக்கம் பக்கத்தில் வீடு கட்டுகிறவர் பெரிய கம்பெனிக்காரர் அல்ல. ஒரு மேஸ்திரி. அவரிடம் இரண்டு மூன்று கொத்தனார், நாலைந்து ஆள். வாடகைக்கு ஒரு கலவை மிஷின், வாடகைக்குச் செண்ட்ரிங் பலகை. ஒரே சமயத்தில் இரண்டு வீட்டு வேலை. அதுதான் அவர் கம்பெனி. போர்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது. செல்போன்தான் ஆபீஸ்.

பெரிய கம்பெனிக்கு யார்டு இருக்கும். யார்டில் சரக்கு இருக்கும். பத்து நாள் லாரி வராவிட்டால் வேறு வேலையை எடுத்துச் செய்யும். நம் மேஸ்திரிக்கு இருப்பது வீட்டு வாசலில் கொட்டிய ஒரு லோடு. அது தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது.

வருடம் தவறாமல்

'எப்போதோ ஒரு தரம் நடப்பதற்கு இவ்வளவு பேச்சா?' என்று கேட்கலாம். எப்போதோவா? எண்ணிப் பார்ப்போம்.

2017: ஆற்று மணல் குவாரிகளை அரசே நடத்தும், மூன்று வருடத்தில் படிப்படியாக மூடும் என்று அறிவிப்பு. மலேசியாவிலிருந்து கப்பலில் வந்த மணல் தூத்துக்குடி துறைமுகத்தில் வழக்கில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

2018 ஜூலை: நாடு முழுக்க லாரி ஸ்டிரைக். ஒரு வாரத்துக்கு மேல்.

2020 மார்ச் 25: கொரோனா ஊரடங்கு. சரக்கும் நின்றது, வடநாட்டு ஆட்களும் ஊருக்குப் போனார்கள்.

2022: உக்ரைன் போர். இங்கே கம்பி விலை ஏறியது. மே மாதம் மத்திய அரசு இரும்பு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது. நவம்பரில் எடுத்துவிட்டது.

2023 செப்டம்பர்: மணல் குவாரிகளில் அமலாக்கத்துறை சோதனை. குவாரி வேலை முடங்கியது.

2024 நவம்பர் கடைசி: பெஞ்சல் புயல். திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் வெள்ளம். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையிலேயே தண்ணீர் ஓடியது.

2025 ஏப்ரல்: குவாரி ஸ்டிரைக்.

ஒன்பது வருடத்தில் ஏழு அடி. இதை விபத்து என்று சொல்ல முடியாது. வாடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும். ஆடி வந்தால் காற்று, ஐப்பசி வந்தால் மழை என்பது போல, கட்டிட வேலைக்கும் சரக்கு நிற்கும் நாள் ஒன்று வரும். அந்த நாளுக்குத் தயாராக இருப்பவர்தான் தொழில் செய்ய முடியும்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' என்ற ஒரே ஒரு கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டது. ஆறு நாள். உலக வியாபாரமே திணறியது. ஜப்பானில் 2011-ல் பூகம்பம் வந்தபோது டொயோட்டா கார் கம்பெனி அடிபட்டது. அதற்குப் பிறகு, சில முக்கியப் பாகங்களை மாதக்கணக்கில் கையிருப்பு வைக்கும்படி தனக்குச் சரக்கு கொடுப்பவர்களிடம் சொல்லிவிட்டது. பட்டவன் பாடம் படித்தான்.

நாம் ஏழு தரம் பட்டிருக்கிறோம்.

ஏன் ஒரே கடை?

'இரண்டு கடையில் வாங்கு, ஒன்று போனால் ஒன்று கை கொடுக்கும்' என்று யோசனை சொல்வது சுலபம். மேஸ்திரிக்கு இது தெரியாதா? தெரியும். பிறகு ஏன் ஒரே கடையைச் சுற்றுகிறார்?

கடன்!

வீட்டுக்காரர் பணம் கொடுப்பது கட்டம் கட்டமாக. பேஸ்மெண்டு முடிந்தால் ஒரு தொகை. லிண்டல் முடிந்தால் ஒரு தொகை. ரூஃப் போட்டால் ஒரு தொகை. பூச்சு முடிந்தால் மீதி. அதாவது வேலை முடிந்த பிறகு பணம். சரக்கோ வேலைக்கு முன்னால் வேண்டும். நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்புவது யார்? சிமெண்டுக் கடைக்காரர்.

'எடுத்துட்டுப் போ மேஸ்திரி, ரூஃப் பணம் வந்ததும் குடு' என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் அந்த நோட்டில் பாக்கி இருக்கும்வரை மேஸ்திரி அடுத்த கடைப் படி ஏற முடியாது. விலை கேட்க முடியாது. 'இந்த மூட்டை பழசு' என்று திருப்பி அனுப்பவும் முடியாது. பாக்கி இருக்கிற வாய் பேசாது.

2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ரொக்கத்துக்கு வாங்குகிறவர் 'எவ்வளவு குறைச்சீங்க?' என்று தைரியமாகக் கேட்பார். கடன்காரர் கேட்பாரா?

இதைக் கடைக்காரர் மேல் பழியாகச் சொல்லவில்லை. அவரும் ஏஜெண்டிடம் கடனுக்குத்தான் வாங்குகிறார். மேஸ்திரி மூழ்கினால் அவர் பணமும் மூழ்கும். சரக்கு நிற்கும்போது கடைசியில் அடிபடுகிறவர்களில் அவரும் ஒருவர்.

ஆகவே, இதன் வேர் மணலில் இல்லை, பணத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் சொல்லும் எந்த யோசனையும் காகிதத்தோடு நின்றுவிடும்.

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 1982 பிப்ரவரிக்கு முன்னால் சிமெண்டு முழுக்கக் கட்டுப்பாட்டில் இருந்தது. பர்மிட் இல்லாமல் மூட்டை கிடைக்காது. வீடு கட்டுகிறவர் பர்மிட்டுக்கு நடையாய் நடப்பார். அந்த வருடம் பாதிக் கட்டுப்பாடு போனது. 1989-ல் முழுக்கப் போனது. இன்று எத்தனையோ கம்பெனி சிமெண்டு. தெருவுக்கு ஒரு கடை. ஆனாலும் மேஸ்திரிக்கு ஒரே கடைதான். அன்று பர்மிட் கட்டிப் போட்டது. இன்று பாக்கி கட்டிப் போடுகிறது.

இருட்டில் வரும் லாரி

சரக்கு நின்றால் நஷ்டம் மட்டும் வருவதில்லை. குற்றமும் வருகிறது.

பகலில் மணல் கிடைக்காத ஊரில் ராத்திரி மணல் கிடைக்கும். நடைச்சீட்டு இருக்காது. லைட்டை அணைத்துக்கொண்டு வரும். கொட்டிவிட்டுப் பறந்துவிடும். பிடிபட்டால் வண்டி பறிமுதல், டிரைவர் மேல் வழக்கு. வாங்கியவரும் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியதுதான். பாலாற்றை இப்படிச் சுரண்டித்தான் நாம் வெறும் பள்ளமாக்கினோம். ஆற்று மணலை நிறுத்தியது சரி. அதில் நமக்கு மாறுபாடு இல்லை. நிறுத்துவதற்கு முன்னால் மாற்றுச் சரக்கைக் கையில் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

இன்னொரு மோசடி, கிரஷர் தூள். கல் உடைக்கும்போது மிஞ்சும் தூசியை எம்சாண்ட் என்று சொல்லித் தலையில் கட்டுவது. நல்ல எம்சாண்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது, ஐ.எஸ். 383 என்று பெயர். அதற்கென்று மிஷினில் உடைத்து, சலித்து, கழுவி வருவது அது. தூசியில் மாவு அதிகம். கலவைக்குத் தண்ணீர் அதிகம் கேட்கும். தண்ணீர் அதிகமானால் கான்கிரீட்டின் பலம் போச்சு. அடுத்த மழைக்கு வெடிப்பு தெரியும். அப்போது மேஸ்திரியைத் திட்டி என்ன பயன்? தட்டுப்பாடு வந்த நாளில்தான் அந்த வெடிப்பு விழுந்தது. கண்ணுக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது, அவ்வளவுதான்.

தறிக்காரரைப் பாருங்கள்

வெம்பாக்கத்துக்கு ஒரு பக்கம் காஞ்சிபுரம். ஒரு பக்கம் செய்யாறு. அதைத் தாண்டினால் ஆரணி. பட்டு நெசவைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

நெசவாளிக்கும் சரக்கு வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். பட்டு நூலுக்குக் கர்நாடகத்தைப் பார்க்க வேண்டும். சரிகையில் வெள்ளி ஏறினால் இங்கே புடவை விலை ஏறும். பாவு இல்லாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு நிற்கும்.

ஆனால், நெசவாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சங்கம் வைத்தார்கள். கூட்டுறவுச் சங்கம் மொத்தமாக நூல் வாங்குகிறது. உறுப்பினருக்குப் பாவும் ஊடையும் சரிகையும் கொடுக்கிறது. நெய்து வந்த புடவைக்குக் கூலி கொடுக்கிறது. காஞ்சிபுரத்தில் அண்ணா பட்டுப் பரிமாற்ற நிலையம் இருக்கிறது. சரிகைக்கு 1971-ல் அங்கேயே தமிழ்நாடு சரிகை நிறுவனம் என்று அரசுக் கம்பெனி தொடங்கப்பட்டது. தனி ஆளாக நூல் வியாபாரியிடம் போய் நிற்பதற்கும், சங்கமாகப் போய் நிற்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

சங்கத்தில் குறை இல்லையா? உண்டு. நாமே எழுதுவோம். ஆனால் சங்கம் இல்லாத தொழிலாளிக்குக் குறை சொல்லக்கூட ஓர் இடம் இல்லையே.

ஒரே தெரு. ஒரு வீட்டில் அண்ணன் தறி போடுகிறார். தம்பி கொத்து வேலைக்குப் போகிறார். அண்ணனுக்குச் சங்கம் உண்டு. தம்பிக்கு வேலை கொடுக்கும் மேஸ்திரிக்கு இல்லை. ஏன் இல்லை?

கேரளாவில் நூறு வருடமாக

'கட்டிட வேலைக்குச் சங்கம் எல்லாம் நடக்கிற காரியமா?' என்பவர்களுக்கு ஒரு சேதி.

கேரளாவில் கோழிக்கோடு மாவட்டம், வடகரை பக்கத்தில் ஊராளுங்கல் என்ற ஊர். வாக்படானந்தர் என்ற சீர்திருத்தவாதியின் வழியில் நடந்த 14 பேர் 1925-ல் ஒரு தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அன்று அவர்கள் கையில் இருந்தது சில்லறைக் காசு. இன்று ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்கிறார்கள். ரோடு போடுகிறார்கள், பாலம் கட்டுகிறார்கள், பெரிய கட்டிடம் எழுப்புகிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: அந்தச் சங்கத்துக்குச் சொந்தக் குவாரி உண்டு. சொந்தக் கிரஷர் உண்டு. சொந்த மிஷின் உண்டு. அடுத்தவர் கதவை மூடினால் இவர்கள் கைகட்டி உட்கார வேண்டியதில்லை.

வெம்பாக்கம் மேஸ்திரிகள் நாளைக்கே கிரஷர் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு காலி மனையை வாடகைக்கு எடுக்கலாம். அதில் நாலு லோடு ஜல்லி, நாலு லோடு எம்சாண்ட் கொட்டி வைக்கலாம். ஒருத்தர் வேலை நின்றால் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, பிறகு திருப்பிக் கொட்டலாம். முழு லாரியாக வாங்கினால் விலையும் படியும். நன்றாக நடந்தால் 1983-ம் வருடத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யலாம். வங்கிக் கதவும் திறக்கும்.

மேஸ்திரி செய்ய வேண்டியது

சங்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே செய்யக்கூடியது உண்டு.

ஒன்று. கெடாத சரக்கை முன்னால் வாங்குங்கள், கெடும் சரக்கைப் பின்னால் வாங்குங்கள். ஜல்லியும் செங்கல்லும் கெடாது. எம்சாண்டுக்குத் தார்ப்பாய் போதும். சிமெண்டு அப்படி அல்ல. மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டைச் சோதித்துப் பார்க்காமல் போடக் கூடாது. மூட்டையில் எந்த வாரம், எந்த வருடம் என்று அச்சடித்திருக்கும். படித்துப் பார்த்து இறக்குங்கள். தட்டுப்பாடு வரும் என்று பயந்து நூறு மூட்டை அடுக்கி வைத்தால் கட்டியாகிப் போகும்.

இரண்டு. செங்கல்லுக்கு மழையைப் பாருங்கள். பச்சைக் கல் வெயிலில் காய வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் சூளை வேலை படுத்துவிடும். தீபாவளிக்குப் பிறகு சுவர் எழுப்பப் போகிறவர் ஆவணியிலேயே கல் இறக்கிவிட வேண்டும்.

மூன்று. ரூஃப் கான்கிரீட் நாளில் சூதாட வேண்டாம். ஜல்லி பாதி இருக்கிறது, மீதி லாரியில் வருகிறது என்று தொடங்கினால், லாரி வராவிட்டால் என்ன ஆகும்? பாதியில் நின்ற கான்கிரீட் இறுகிவிடும். மறுநாள் போடுவது அதோடு ஒட்டாது. அந்தக் கோட்டில்தான் தண்ணீர் ஒழுகும். கடைசி மூட்டை இறங்கின பிறகுதான் முதல் சட்டி ஏற வேண்டும்.

நான்கு. நாலில் ஒரு பங்கு சரக்கையாவது இரண்டாவது கடையில், இரண்டாவது கிரஷரில் ரொக்கத்துக்கு வாங்குங்கள். பைசா கூட இருந்தாலும் பரவாயில்லை. முகம் தெரிந்த வாடிக்கையாளருக்குத்தான் தட்டுப்பாட்டு நாளில் ஒரு லோடு கிடைக்கும்.

ஐந்து. மாற்றுச் சரக்கை முன்கூட்டியே பேசி வையுங்கள். செங்கல் இல்லாவிட்டால் சாம்பல் கல்லோ ஹாலோ பிளாக்கோ போடலாமா என்று என்ஜினீயரிடமும் வீட்டுக்காரரிடமும் ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவசரத்தில் எடுக்கும் முடிவுதான் கிரஷர் தூளில் போய் முடிகிறது.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை

வாய்ப்பேச்சாக 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று முடித்துவிட்டு, விலை ஏறினால் 'அது உன் பாடு' என்பது நியாயமா?

கணக்குப் போடுவோம். 600 சதுர அடி வீட்டுக்கு எம்சாண்டும் ஜல்லியும் சேர்த்து சுமார் 18 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 1000 ரூபாய் ஏறினால் 18 ஆயிரம் ரூபாய். 2025 ஏப்ரலில் அந்த அளவுக்குத்தான் விலை ஏறியது. மேஸ்திரிக்குக் கிடைக்கும் லாபத்தில் அது பெரிய பங்கு. லாபம் போனால் அவர் எங்கே கை வைப்பார்? உங்கள் வீட்டுச் சிமெண்டில்தான்!

ஆகவே அக்ரிமெண்டில் நாலு வரி எழுதுங்கள். இன்றைய தேதியில் சிமெண்டு, கம்பி, எம்சாண்ட், ஜல்லி விலை இன்னது. ஒரு அளவுக்கு மேல் ஏறினால் இருவரும் பங்கு. இறங்கினாலும் பங்கு. சரக்குக்கான பணத்தைக் கட்டம் தொடங்குவதற்கு முன்பே கொடுங்கள். பயமாக இருந்தால் நீங்களே கடையில் கட்டி ரசீது வாங்குங்கள். மேஸ்திரி கடனிலிருந்து தப்புவார். நீங்கள் கலப்படத்திலிருந்து தப்புவீர்கள்.

அரசு கவனிக்குமா?

அரசாங்கத்துக்கும் கடமை உண்டு.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். 360 சதுர அடி. தொகை நிலையாக நிற்கிறது. ஜல்லி விலை நிற்கிறதா? குடிசையைப் பிரித்துவிட்டு வீடு கட்டத் தொடங்கிய ஏழை, விலை ஏறினால் கந்து வட்டிக்கு ஓடுகிறார். பெரிய அளவில் விலை ஏறும் வருடத்தில் உதவித் தொகையையும் திருத்த வேண்டும்.

சிமெண்டு விலை உச்சத்துக்குப் போனபோது அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2015 ஜனவரியில் மூட்டை 190 ரூபாய்க்கு அம்மா சிமெண்டு வந்தது. 2021 நவம்பரில் வலிமை சிமெண்டு வந்தது. அரியலூரிலும் ஆலங்குளத்திலும் அரசு சிமெண்டு ஆலை இருக்கிறது. சிமெண்டுக்குச் செய்ததை ஜல்லிக்கும் எம்சாண்டுக்கும் ஏன் செய்யக் கூடாது? தாலுகாவுக்கு ஓர் இடத்தில் அவசரக் கையிருப்பு வைக்கலாமே. வேலைநிறுத்தமோ வெள்ளமோ வந்தால், பாதியில் நிற்கும் சிறு வீடுகளுக்கு மட்டும் நியாய விலையில் கொடுக்கலாமே.

வரி போடும் உரிமை அரசுக்கு இருக்கிறது. கனிம உரிமை மீது மாநிலங்கள் வரி போடலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சே சொல்லிவிட்டது. போடட்டும். ஆனால் புது வரி வருமுன் குவாரிக்காரரை, லாரிக்காரரை, கட்டுகிறவரை ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேச வேண்டும். ஸ்டிரைக் நடந்த பிறகு பேசியதை முன்பே பேசியிருந்தால், எத்தனை அடுப்பு எரிந்திருக்கும்!

பஞ்சாயத்துச் சாக்கடை, பள்ளிக்கூடச் சுவர், சிமெண்டு ரோடு என்று அரசு வேலை எடுக்கும் சிறு காண்டிராக்டருக்குப் பில் பணமும் காலாகாலத்தில் கைக்கு வர வேண்டும். அந்தப் பணம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அவர் கடையின் கடன் நோட்டில் இன்னும் ஒரு பக்கம் கீழே இறங்குகிறார்.

லாரி நிற்கும் நாள் இன்னொன்று வரும். புயலாக வரலாம். வரியாக வரலாம். போராக வரலாம். அதைத் தடுக்க மேஸ்திரியால் முடியாது, நம்மாலும் முடியாது. அந்த நாளில் அவர் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ள முடியும். அதற்கு வேண்டியது ஒரு காலி மனை, இரண்டாவது கடை, நாலு வரி அக்ரிமெண்டு, வேலைக்கு முன்னால் வரும் பணம்.

நெசவாளர்கள் கூடினார்கள், சங்கம் வந்தது. மேஸ்திரிகளே, நீங்கள் எப்போது கூடப் போகிறீர்கள்?